தலைக்கட்டு வரி ஊரைச் சேர்க்கிறதா, பிரிக்கிறதா?

வைகைக்கரை:
பங்குனிப் பொங்கலுக்கு ஊருக்குப் போய்த் திரும்பினேன். மாரியம்மன் கோயிலுக்குத் தலைக்கட்டுக்கு, அதாவது குடும்பத்துக்கு, 2,000 ரூபாய் வரி. திருப்பூரில் பனியன் தைப்பவர்கூட வீட்டு வாடகையைப் பாக்கி வைப்பாரே தவிர இதை வைக்கமாட்டார். வரப்புத் தகராறில் நான்கு வருஷமாகப் பேசாத அப்பாவும் சித்தப்பாவும் ஒரே பந்தலில் பானை வைத்தார்கள். சாமி உண்டா இல்லையா என்பது வேறு பேச்சு. மதம் என்பது சமூகம் தன்னையே வணங்கிக்கொள்வது என்று 1912இலேயே சமூகவியலாளர் துர்க்கைம் வாதிட்டார். எங்கள் ஊரைக் கூட்டிவைக்க வேறு என்ன இருக்கிறது?

கருவேலன்:
ஊர் என்றால் யார்? அந்த வரி நோட்டில் காலனி வீடுகள் உண்டா? எங்கள் ஊரில் அப்பா தாமாகவே பணத்தைக் கொண்டுபோய் நீட்டினார். “உனக்கு எதுக்குப்பா சிரமம், சும்மா கும்பிட்டுட்டுப் போ” என்று சிரித்தபடியே திருப்பிக் கொடுத்தார்கள். வாங்கிவிட்டால் திருவிழாவில் ஒருநாள் செலவை ஏற்று நடத்தும் மண்டகப்படி, தேர்வடம் எல்லாவற்றிலும் பங்கு கேட்போமே! சிவகங்கை மாவட்டம் கண்டதேவியில், வடம் பிடிப்பது யார் என்ற சாதித் தகராறில் தேர் பல வருஷம் நின்றது. 2024இல் நீதிமன்றம் தலையிட்டபின் போலீஸ் காவலோடுதான் ஓடியது.

வைகைக்கரை:
அது சாதி செய்த வேலை. 1939இல் காங்கிரஸ்காரர் வைத்தியநாதய்யர் தலித் மக்களை மதுரை மீனாட்சி கோயிலுக்குள் அழைத்துப்போனாரே, அதுவும் பக்திதானே?

கருவேலன்:
சேர்த்தால் மதம், பிரித்தால் சாதி. நல்ல கணக்கு. கோயில் வாசல் திறந்து எண்பது வருஷம் தாண்டிவிட்டது, நோட்டு இன்னும் திறக்கவில்லை.

கும்மிப்பாட்டு:
நோட்டில் பேர் இருந்தால் மட்டும் போதுமா? அப்பா இறந்த வருஷம் எங்கள் வீடு அரைத் தலைக்கட்டு ஆனது. கைம்பெண்ணுக்குச் சலுகையாம். அம்மா முழு வரியை நீட்டினார், வசூலுக்கு வந்தவர் பாதியைத் திண்ணையில் வைத்துவிட்டுப் போனார். ஆனாலும் கும்மிக்குப் பாட்டெடுத்துக் கொடுப்பது இன்றைக்கும் அம்மாதான். அதை விடச் சொல்லிப் பாருங்கள், உங்கள் இரண்டு பேரையும் விளாசிவிடுவார்.

வைகைக்கரை:
அப்பாவிடம் இப்போதுதான் போனில் கேட்டேன். “அவங்களுக்குத்தான் தனிக் கோயில் இருக்கே” என்றார். நான் மேற்கொண்டு கேட்கவில்லை.

கருவேலன்:
எங்களுக்கும் இருக்கிறது, காளியம்மன். தலைக்கட்டுக்கு 500. கும்மிப்பாட்டு சொன்னதைப் படித்துவிட்டு எங்கள் நோட்டை எடுத்துப் பார்த்தேன். ஏழு பெயருக்கு நேரே 250 என்று இருக்கிறது. எழுதியது என் கையெழுத்து.