கூப்பர்ஸ்டவுன் பேஸ்பால்: பழைய நாளிதழ் தேட ஆள் வேண்டும்

நண்பர்களே, நியூயார்க் மாநிலத்துச் சிற்றூர் கூப்பர்ஸ்டவுனின் பேஸ்பால் வரலாற்றைத் தமிழில் தொகுக்கிறோம். 1839-இல் ஆப்னர் டபுள்டே அங்கே இந்த ஆட்டத்தைக் கண்டுபிடித்தார் என்ற கதை நமக்கு வேண்டாம். அந்த ஆண்டு அவர் வேறு ஊரிலுள்ள வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரி மாணவர். ஒரு முதியவர் 1905-இல் எழுதிய கடிதத்தை நம்பி, பேஸ்பாலின் தோற்றத்தை ஆராய்ந்த மில்ஸ் குழு கொடுத்த பெருமை அது. 1939-இல் அங்கே பேஸ்பால் அருங்காட்சியகம் திறந்ததும் கதை ஊருக்கே முகவரியாகிவிட்டது!

நிஜ வரலாறு இன்னும் சுவையானது. 1816-லேயே அவ்வூர் நிர்வாகம் சில தெருக்களில் பந்தாட்டத்துக்குத் தடை போட்டது. விளையாடாத ஊரில் தடை எதற்கு?

அமெரிக்காவில் இருப்பவர்கள், 1816 முதல் 1900 வரையிலான உள்ளூர் நாளிதழ்களில் ஆட்டச் செய்திகளைத் தேடித் தர முடியுமா? அக்காலத்தில் ‘பேஸ்’, ‘பால்’ என இரு சொல்லாகவோ நடுவே சிறுகோடிட்டோ அச்சிட்டார்கள். ஒரே சொல்லாகத் தேடினால் பாதி தப்பிவிடும். பேஸ்பாலுக்கு முந்தைய ஆட்டமான ‘டவுன் பால்’ பெயரிலும் தேடுங்கள். மங்கிய அச்சைக் கணினி தப்பாகப் படிக்கும். எனவே அமெரிக்கச் சுதந்திர நாளான ஜூலை 4-ஐ ஒட்டிய இதழ்களைக் கண்ணாலேயே புரட்டுவது நல்லது. விடுமுறை ஆட்டங்கள் அங்கேதான் சிக்கும்.

தேதியில்லாத கத்தரிப்பு கிடைத்தாலும் அனுப்புங்கள். மட்டையாளருக்குப் பந்தெறியும் தூரம் 50 அடி என்றிருந்தால் பெரும்பாலும் 1881–1892. 60 அடி 6 அங்குலம் என்றால் 1893 அல்லது அதற்குப் பிறகு. சிற்றூர் அணிகள் புது விதிக்குத் தாமதமாக மாறியிருக்கலாம், ஆகவே இது உத்தேசம்தான். தேதி தெரிந்த செய்திகளுக்குப் படத்தோடு இதழின் பெயர், தேதி, பக்க எண் மூன்றும் கட்டாயம்.