எக்ஸ்.காம் இணைப்பைத் தேடும் ரெஜெக்ஸ்: உங்கள் அனுபவம் என்ன?

இரவுப்பணி:
மூன்று நாளாக உறுத்துகிறது, அதனால் எழுதுகிறேன். அலுவலக அரட்டைக் குழுவில் யாராவது ட்விட்டர் இணைப்பைப் போட்டால், அந்தப் பதிவைக் கீழே எடுத்துக் காட்டும் நிரல் என்னுடையது. முகவரி எக்ஸ்.காம் ஆனபோது, பழைய ரெஜெக்ஸில் (எழுத்துக்கோவை எந்த வடிவில் இருந்தால் பிடிக்க வேண்டும் என்று எழுதும் தேடல் விதி) ஓர் 'அல்லது' போட்டு அதையும் சேர்த்தேன். நடுவில் எது வந்தாலும் சரி, முடிவில் எண் இருந்தால் போதும் என்று விட்டிருந்தேன். வெள்ளிக்கிழமை மாலை, உடன் பணியாற்றும் அக்கா ஒரு நெட்ஃபிளிக்ஸ் படத்தின் இணைப்பைப் போட்டார். அதன் கீழே, முன்பின் தெரியாத ஒருவர் 2007இல் எழுதிய ஒற்றை வரி, அவருடைய முகப்படத்தோடு வந்து நின்றது. நெட்ஃபிளிக்ஸ்.காம் (netflix.com) முகவரியின் கடைசி ஐந்து குறிகள் எக்ஸ்.காம் (x.com) தானே! படத்தின் 8 இலக்க எண், அந்தக் காலத்துப் பதிவு ஒன்றின் எண்ணாக இருந்திருக்கிறது. "இவர் யார்?" என்று அக்கா கேட்டார்.

சாய்கோடு:
புள்ளிக்கு முன் பின்சாய்கோடு (\) போடாமல் விட்டிருப்பீர்கள், அதுதான் காரணம்; அது இல்லாவிட்டால் ரெஜெக்ஸில் புள்ளி எந்தக் குறிக்கும் பொருந்தும். எனக்கு நேர்ந்தது வேறு. ரெஜெக்ஸ் சரியாகவே பிடித்தது. பிடித்த பதிவு எண்ணின் 19 இலக்கங்களை ஜாவாஸ்கிரிப்ட் நிரல்மொழியில் எண்ணாக மாற்றினேன்; அவ்வளவு நீள எண்ணை அது துல்லியமாக வைத்திருக்காததால், கடைசி இலக்கங்கள் பூஜ்யங்களாகிவிட்டன. "பதிவு இல்லை" என்றே வந்துகொண்டிருந்தது. குற்றமற்ற ரெஜெக்ஸை இரண்டு இரவுகள் மாற்றி மாற்றி எழுதினேன்.

பழைய நிரலர்:
சாய்கோடு, நீங்கள் சொல்வது தவறு. நெட்ஃபிளிக்ஸ் முகவரியில் இருப்பதும் புள்ளிதான். பின்சாய்கோடு போட்டாலும் பொருந்தியே தீரும். குறை, எக்ஸுக்கு முன்னால் எல்லை வகுக்காதது. 2024 ஏப்ரலில் எக்ஸின் ஐபோன் செயலியே இதில் வழுக்கியது. ட்விட்டர்.காம் என்று கண்ட இடமெல்லாம் எக்ஸ்.காம் என மாற்றிக் காட்டியதால், நெட்ஃபிளிட்விட்டர்.காம் (netflitwitter.com) என்ற முகவரி நெட்ஃபிளிக்ஸ்.காம் என்றே தெரிந்தது. மோசடிக்கு எவ்வளவு வசதி!

இரவுப்பணி, முழு முகவரியையும் ரெஜெக்ஸிடம் கொடுக்காதீர்கள். முகவரியைப் பிரிக்கும் வசதி நிரல்மொழியிலேயே இருக்கிறது. அதைக் கொண்டு தளப்பெயரைத் தனியே எடுத்து, ஒரு பட்டியலோடு எழுத்துப் பிசகாமல் ஒப்பிடுங்கள். மொபைல் முகவரிகளையும் பட்டியலில் சேருங்கள். மிஞ்சும் பாதைக்கு மட்டும் ரெஜெக்ஸ் போதும்: பயனர்பெயர், 'ஸ்டேட்டஸ்' என்ற சொல், பிறகு இலக்கங்கள். யூடியூபையும் சேர்ப்பதாக இருந்தால், காணொளிக் குறியீட்டின் 11 எழுத்துகளில் இடைக்கோடும் வரும் என்பதை மறக்க வேண்டாம். நான் மறந்தேன், பாதி இணைப்புகள் நடுவிலேயே அறுந்தன.

இரவுப்பணி:
பின்சாய்கோடு போட்டுத்தான் இருந்தேன். இன்று காலை பட்டியல் முறைக்கு மாற்றிவிட்டேன். அக்காவின் கேள்விக்குத்தான் இன்னும் பதில் எழுதவில்லை.