ரோமுக்கு வடக்கே ஒரு தெற்கத்தியர்

இத்தாலியின் பலெர்மோவுக்கு வந்த புதிதில், தொலைக்காட்சியின் வேலையின்மைச் செய்திகளில் 'மெட்சோஜோர்னோ' என்ற சொல் அடிக்கடி காதில் விழும். மத்தியானம் என்ற பொருள் மட்டுமே எனக்குத் தெரியும். மத்தியானத்துக்கும் வேலையின்மைக்கும் என்ன தொடர்பு என்று விளங்கவில்லை. வீட்டுக்கார அம்மாதான் ஒருநாள் பால்கனிக்கு அழைத்துப்போய், பன்னிரண்டு மணிச் சூரியனைக் கையால் காட்டினார். இத்தாலியில் நண்பகல் சூரியன் ஆண்டு முழுவதும் தெற்கே சாய்ந்தே நிற்கும். அதனால் மத்தியானத்துக்கும் தெற்குக்கும் ஒரே பெயர். ஏப்ரலிலும் ஓகஸ்டிலும் நிழல் காலடிக்குள் ஒடுங்கும் யாழ்ப்பாணத்தில் வளர்ந்த எனக்கு அது புதிது.

சில ஆண்டுகள் கழித்து வட இத்தாலியின் பொலோஞ்ஞாவில் ஒரு சமையலறையில் வேலை செய்தேன். என்னுடன் வெங்காயம் உரித்தவர் லாக்விலா நகரத்தவர். "நானும் தெற்கத்தியன்தான்" என்றார். வரைபடத்தில் பார்த்தால் லாக்விலா ரோமுக்குச் சற்று வடக்கே இருக்கிறது. ரோமைத் தெற்கு என்று யாரும் சொல்வதில்லை. கேட்டேன். 1860 வரை அவருடைய மாநிலமான அப்ரூட்சோ, நேப்பிள்ஸைத் தலைநகராகக் கொண்ட இரு சிசிலிகளின் அரசில் இருந்ததாம். அந்த அரசு மறைந்துவிட்டது, எல்லை மறையவில்லை. 1950-இல் தெற்கின் வளர்ச்சிக்கென்று அரசு தொடங்கிய நிதியத்திலும் அப்ரூட்சோ இருந்தது. மேற்கே தனியாகக் கடலில் கிடக்கும் சார்தீனியாவையும் சேர்த்து இன்று எட்டு மாநிலங்கள் மெட்சோஜோர்னோ.

அவருடைய தந்தை அறுபதுகளில் வடக்கே தூரின் நகருக்கு வேலை தேடிப் போனவர். 'தெற்கத்தியருக்கு வீடு வாடகைக்கு இல்லை' என்று எழுதிய அட்டைகள் அந்நாளில் அங்கே வாசல்களில் தொங்கின. அதைச் சொல்லும்போது அவர் கையிலிருந்த கத்தி அசையாமல் நின்றது.

பிறகு என்னைக் கேட்டார்: "உங்கள் நாட்டில் தெற்கு எங்கே தொடங்குகிறது?"

தென் மாகாணம் என்றால் காலி, மாத்தறை, அம்பாந்தோட்டை மூன்றும்தான். ஆனால் மேற்குக் கரையிலுள்ள கொழும்பையும் சேர்த்துத்தான் நாங்கள் தென்னிலங்கை என்போம். எங்கள் தமிழ்ப் பத்திரிகைகளும் அப்படித்தான் எழுதும். 2002-இல், போரால் மூடிக்கிடந்த யாழ்ப்பாணத்து ஏ9 வீதி திறந்தபோது, ஓமந்தை இராணுவச் சோதனைச்சாவடியில் பஸ்ஸை விட்டு இறங்கி, அம்மா கட்டித்தந்த பனங்கட்டிப் பொதியை அவிழ்த்துக் காட்டிவிட்டு அப்பால் நடந்தது நினைவுக்கு வந்தது.

"ஓமந்தையில்" என்றேன். ஓமந்தை வட மாகாணத்துக்குள் இருக்கிறது.