300 டீசேட்: கூலிக்குத் தைப்பவரா, துணியோடு செய்து தருபவரா?

வெள்ளவத்தை_07:
கொழும்பில் ஒரு சிறிய ஆடை பிராண்ட் தொடங்குகிறோம். முதலில் ரவுண்ட் நெக் டீசேட் மட்டும்தான். 180 ஜிஎஸ்எம் (சதுர மீற்றருக்கு 180 கிராம்) கொட்டன் சிங்கிள் ஜேர்சி, அதாவது டீசேட்டுக்குரிய பின்னல் துணி. கறுப்பு, வெள்ளை, கடும்பச்சை. எஸ் முதல் எக்ஸ்எல் வரை. நிறத்துக்கு 100 வீதம் 300. நெஞ்சில் ஒரு ஸ்கிரீன் பிரிண்ட். இரத்மலானையில் ஒருவர், துணியை நாங்கள் கொடுத்தால் வெட்டித் தைத்து பேக் பண்ணித் தருவார். ஜா-எல பக்கம் இன்னொருவர், துணி முதல் எல்லாம் தன் பொறுப்பு என்கிறார், விலை கூட. பெரிய ஏற்றுமதி கார்மென்ட்டுகளுக்கு மெயில் போட்டோம், பதில் இல்லை. இருவரில் யாரைப் பிடிப்பது? போனால் எதைப் பார்ப்பது?

கட்டிங்_மேசை:
பெரிய இடங்களை விடுங்கோ. 300 டீசேட் அவர்களுடைய ஒரு லைனுக்கு ஒரு நாள் வேலைகூட இல்லை. ஏற்றுமதிக்கென்று வரியில்லாமல் இறக்கிய துணியை அவர்கள் நினைத்தபடி உள்ளூரில் விற்கவும் முடியாது.

யாரென்று முடிவெடுக்க முன் எண்ணிக்கையை மாற்றுங்கோ. நிறத்துக்கு 100 வேண்டாம், 90 போதும். 180 ஜிஎஸ்எம், 72 அங்குல அகலம் என்றால் 25 கிலோ ரோல் ஏறக்குறைய 76 மீற்றர் வரும். எஸ், எம், எல், எக்ஸ்எல் 1:2:2:1 என்று ஆறு உடுப்பை ஒரு மார்க்கரில் (துண்டுகளைத் துணியில் அடுக்கும் வெட்டுப் படம்) அடுக்கினால் நீளம் சுமார் 4.2 மீற்றர். 16 அடுக்கு விரித்தால் 96 வரும்: 90 உங்களுக்கு, 6 பிரிண்டில் பழுதாவதற்கு. ரோலில் மிஞ்சும் எட்டு ஒன்பது மீற்றர் முனைக்கழிவுக்கும் பழுதுக்கும் போகும். 100க்கு மேலே போய், பழுதுக்கும் இடம் வேண்டுமென்றால் இரண்டாவது ரோலைத் தொட வேண்டி வரும். அது வேறு டை லொட்டாக (வேறு தடவை சாயம் போட்டதாக) இருந்தால் முன்பக்கம் ஒரு பச்சை, கை இன்னொரு பச்சை. கழுத்துக்கு வேண்டிய ரிப்பையும் (இழுபடும் பின்னல் துணி) அதே லொட்டில் கேளுங்கோ; கறுப்பில்தான் வித்தியாசம் பளிச்சென்று தெரியும்.

இரத்மலானைக்காரரிடம் மார்க்கர் நீளம் எவ்வளவு என்று கேளுங்கோ. உடனே சொன்னால் வெட்டு அவருடைய இடத்திலேயே நடக்கிறது. "பார்த்துச் சொல்கிறேன்" என்றால் பெரும்பாலும் வெளியே கொடுத்து வெட்டுகிறார்.

நூல்கண்டு:
உண்மையில் நீங்கள் தேர்ந்தெடுப்பது தையல்காரரை அல்ல. துணி பிழைத்தால் நட்டம் யாருக்கு என்பதைத்தான் தேர்ந்தெடுக்கிறீர்கள். கூலித் தையலில் அது முழுக்க உங்கள் தலையில். புறக்கோட்டையில் கெய்சர் வீதி, இரண்டாம் குறுக்குத் தெருப் பக்கம் வாங்கும் ஜேர்சியில் நிறைய ஸ்டொக் லொட் (மிஞ்சிய துணி). விலை நல்லது, ஆனால் முடிந்தால் முடிந்ததுதான், மறுபடி அதே பச்சை கிடைக்காது. அடுத்த மாதம் ரிப்பீட் போட நினைத்தால் இப்போதே கடையில் எத்தனை ரோல் மிச்சமென்று கேட்டு வையுங்கள். உங்கள் நிறத்துக்கே சாயம் போட்டுத் தரச் சொன்னால், மில்லுக்கு நூற்றுக்கணக்கான கிலோ இருந்தால்தான் பேச்சே தொடங்கும்.

வாங்குமுன் ஒரு மீற்றர் வெட்டிக்கொண்டு வீட்டுக்குப் போங்கள். அழியாத பேனாவால் 50 சென்ரிமீற்றர் சதுரம் கீறி, கழுவிக் காயவைத்து அளந்து பாருங்கள். நீளவாக்கில் 47.5க்குக் குறைந்தால் 5 சதவீதத்துக்கு மேல் சுருக்கம். 72 சென்ரிமீற்றர் உடுப்பு மூன்றரைக்கு மேல் குட்டையாகும். அந்தத் துணியை விடுங்கள், அல்லது பற்றனில் (வெட்டுவதற்கான அளவு அச்சில்) அந்த அளவைக் கூட்டுங்கள். சதுரம் சாய்சதுரமாகத் திரும்பினால் பக்கத் தையல் வயிற்றுக்கு முன்னே வந்து நிற்கும், அதற்குத் தையல்காரர் ஒன்றும் செய்ய முடியாது. கறுப்பையும் பச்சையையும் ஈர வெள்ளைத் துணியால் தேய்த்தும் பாருங்கள்.

இந்தச் சோதனைக்கு நேரமில்லை என்றால் ஜா-எலக்காரருக்குக் கொடுக்கும் கூடுதல் விலை நியாயமானதுதான். ஆனால் ஜிஎஸ்எம் 180, கூடக்குறைய 5 சதவீதம், சுருக்கம் 5க்குள் என்று எழுத்தில் வாங்குங்கள். "நல்ல துணி" என்று எழுதினால் 155 வந்து சேரும்.

ஃபிளட்லொக்:
போய்ப் பார்க்கும்போது எத்தனை மெஷின் என்று எண்ண வேண்டாம். துண்டுகளை மூட்ட நான்கு நூல் ஓவர்லொக், கீழ்மடிப்புக்கும் கைக்கும் ஃபிளட்லொக், லேபலுக்கு சிங்கிள் நீடில் மூன்றும் ஓடுகிறதா என்று பாருங்கள். ஃபிளட்லொக் ஒன்றே ஒன்று என்றால் வேலை அங்கேதான் தேங்கும். துணியை விரித்து ஒரு நாள் ஓய விடுகிறார்களா? ரோலில் இருந்து நேரே வெட்டினால் சைஸ் அட்டவணையில் எம் என்றிருப்பது மறுநாள் எஸ் ஆகும். தைத்த ஒன்றைக் கழுவி, தையல் ஓரத்தை இழுத்துப் பாருங்கள். சின்ன ஓட்டைகள் தெரிந்தால் ஊசி மழுங்கியது, அல்லது ஜேர்சிக்குரிய பந்துமுனை ஊசி இல்லை.

பிரிண்ட் வெட்டிய துண்டில், தைக்குமுன் போக வேண்டும். அநேகமாக வேறோர் இடத்துக்குத்தான் போகும். அங்கே கெட்டால் துணிக்காசு யாருடையது என்று முதலே பேசுங்கள், சண்டை வரும் இடம் இதுதான்.

பணத்தில் பாதியை முற்பணமாகக் கேட்பார்கள். ஒப்புதல் மாதிரியில் (முதலில் தைத்துக் காட்டும் ஒன்றில்) நீங்கள் கையெழுத்து வைத்த பிறகு 30 சதவீதம், தைக்கத் தொடங்கும்போது 40, பரிசோதித்த பின் 30 என்று கேட்டுப் பாருங்கள். பரிசோதனை ஏகியூஎல் (ஏற்கத்தக்க பழுதின் எல்லை) 2.5 என்றால் 270க்கு 32ஐ எழுந்தமானமாக எடுக்க வேண்டும். பெரிய பழுது 2 வரை ஏற்கலாம், 3 என்றால் முழு லொட்டையும் திருப்பிப் பார்க்கச் சொல்லலாம். சொன்ன விலைக்குள் 18 சதவீத வற் (பெறுமதி சேர் வரி) அடங்குமா என்றும் கேளுங்கள். மலிவு விலை கண்டால் ஊழியர் சேமலாப நிதிக்குச் சம்பளத்தில் 12 சதவீதமும் ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 சதவீதமும் கட்டுகிறாரா என்று விசாரியுங்கள். கட்டாத இடத்தில் கை தேர்ந்தவர்கள் தங்குவதில்லை.

வெள்ளவத்தை_07:
நன்றி, 90 ஆக்கிவிட்டோம். கூலிக்குக் கொடுத்தால் மிச்சத் துணியை எப்படிக் கணக்குப் பார்ப்பது?

கட்டிங்_மேசை:
தராசுதான். 25 கிலோ கொடுத்தால், வெட்டிய துண்டுகள், கழிவு, மிச்சம் மூன்றும் சேர்ந்து 25க்குக் கிட்ட வர வேண்டும். டீசேட் மார்க்கரில் கழிவு 15 முதல் 20 சதவீதம் வழமை. வெட்டும் நாளில் அங்கே நின்று நிறுங்கோ, பிறகு கேட்டால் கழிவுச் சாக்கு போயிருக்கும். பற்றனையும் வேலை முடியத் திருப்பி வாங்குங்கோ. சித்திரைப் புத்தாண்டுக்கும் நத்தாருக்கும் முந்திய இரண்டு மாதத்தில் திகதி வைக்காதீங்கோ, பெரிய ஓடர் வந்தால் முதலில் தள்ளிவைப்பது உங்களுடையதைத்தான்.