மறுமொழி: 'ஆக்‌ஷன் ஆர்பிஜி'க்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம்.

கல்லூரி மலருக்கு 'கிங்டம் கம்: டெலிவரன்ஸ்' பற்றி எழுதுகிறேன். வியாழக்கிழமை அச்சுக்குப் போகிறது. 2018இல் செக் நாட்டிலிருந்து வந்த கணினி விளையாட்டு; களம் 1403ஆம் ஆண்டு பொகீமியா, அதாவது இன்றைய செக் நாட்டின் மேற்குப் பகுதி. மந்திரமும் இல்லை, டிராகனும் இல்லை. ஹங்கேரி மன்னன் சிகிஸ்மண்டின் படை ஊரை எரித்த பிறகு, பெற்றோரை இழந்து தப்பி ஓடும் கொல்லன் மகன் ஹென்றிதான் நாம். கதையில் ஒருவராகவே மாறிச் சண்டையும் போட்டு ஆடும் இந்த 'ஆர்பிஜி' (role-playing game) வகைக்கு 'அதிரடிப் பாத்திர விளையாட்டு' என்று எழுதினேன். 'பாத்திரம்' என்றதும் வகுப்பில் பாதிப் பேருக்குச் சமையலறைதான் நினைவுக்கு வருகிறது. வேறு சொல் தாருங்கள்.
– ம.

---

அன்பு ம.,

பாத்திரம் வடசொல், வேடமும் அப்படியே. நம்மிடம் பொருநன் இருக்கிறான். பொருதல் என்றால் போரிடுதல், பொருவுதல் என்றால் ஒத்தல். தொல்காப்பியர் உவம உருபுகளில் 'பொருவ'வையும் எண்ணுகிறார். பொருநன் என்ற சொல் வீரனையும் குறிக்கும், வேடங்கட்டி ஆடும் கூத்தனையும் குறிக்கும். போரும் பிறராக நிற்றலும் ஒரே வேரில் கிடைக்கும்போது வேறெங்கே தேட வேண்டும்? 'பொருநாடல்' என்று எழுதுங்கள். ஏர்க்களம் பாடுவோர், போர்க்களம் பாடுவோர், பரணி பாடுவோர் என்று பொருநரில் மூவகை உண்டு. அதைத் தனி மடலில் விரித்து எழுதுகிறேன்.
– மு.

---

மு. ஐயா,

வேர் அழகாக இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் எங்கள் திருநெல்வேலிப் பக்கம் 'பொரு' என்று தொடங்கினாலே பொருநை ஆறுதான். பதினேழு வயதுப் பிள்ளை தலைப்பைப் பார்த்ததும் புரிந்துகொள்ள வேண்டாமா? 'வேடமேற்பு விளையாட்டு' போதும். வேடம் எந்த மொழியிலிருந்து வந்தால் என்ன, தெருக்கூத்து பார்த்தவருக்கெல்லாம் தெரிந்த சொல்தானே.
– செ.

---

செ. அம்மா, மு. ஐயா இருவருக்கும் நன்றி.

'பொருநாடல்' எனக்குப் பிடித்திருக்கிறது. தயங்குவதற்குக் காரணம் விளையாட்டேதான். இதன் வலிமை போரில் இல்லை. ஹென்றிக்குத் தொடக்கத்தில் எழுத்து தெரியாது. புத்தகத்தைத் திறந்தால் எழுத்துகள் இடம்மாறிக் குழம்பிக் கிடக்கும். உஜிட்ஸ் ஊர் எழுத்தரிடம் போய்ப் படித்துவிட்டு அதே பக்கத்தைத் திறந்தபோது சொற்கள் ஒவ்வொன்றாக நேராகி நின்றன. முதியோர் கல்வி வகுப்பில் தன் பெயரை முதன்முதலில் வாசித்த என் பாட்டியின் முகம் நினைவுக்கு வந்தது. எந்தத் திறனும் அப்படித்தான், செய்யச் செய்யத்தான் கைவரும். அழுக்குச் சட்டையோடு போனால் பிரபு மதிக்கமாட்டார்.

போர்தான் குறை. ஒருவரோடு ஒருவர் வாள் வீசுவது நன்றாகவே இருக்கிறது. எந்தத் திசையிலிருந்து வெட்டுவது என்று எண்ணித்தான் வீச வேண்டும். மூன்று பேர் சூழ்ந்தால் பார்வை ஒருவன்மேல் பூட்டிக்கொள்கிறது, முதுகில் அடி விழுகிறது. வெளிவந்த காலத்தில் பிழைகளும் ஏராளம். நினைத்த இடத்தில் சேமிக்கவும் முடியாது. உறங்க வேண்டும், அல்லது அதற்கென உள்ள மதுவைக் குடிக்க வேண்டும். மது தீர்ந்துபோய் ஒரு மாலை நேர ஆட்டம் முழுவதையும் இழந்தேன். வெளியேறும்போது சேமிக்கும் வசதி பின்னர் வந்த திருத்தத்தில்தான் கிடைத்தது.

அதனால் பெயரில் போரை முன்னால் வைக்க மனமில்லை.
– ம.

---

ம.,

நீங்கள் சொல்வது ஓர் ஆட்டத்தின் இயல்பு. கலைச்சொல் ஒரு வகை முழுமைக்கும் உரியது. மேலும், பொருநன் போரோடு நிற்பவன் அல்லன், ஏர்க்களத்திலும் பாடினான். உங்கள் கொல்லன் மகனுக்கு அது இன்னும் பொருந்தும்.
– மு.

---

ஐயா, ஏர்க்களம் வரை இழுத்தால் எல்லாம் பொருந்தும். நாளை மறுநாள் வியாழன்.

நான், ம., இன்னும் இரண்டு பேர் 'வேடமேற்பு விளையாட்டு' பக்கம். 'ஆக்‌ஷன்' என்பதற்கு 'அதிரடி'யை முன்னொட்டாக வைத்துக்கொள்ளலாம். முதல் இடத்தில் மட்டும் 'ஆர்பிஜி' என்றும் எழுதிவிடுங்கள், பிள்ளைகள் தேடிப் பார்க்க உதவும்.
– செ.

---

அப்படியே அனுப்பிவிட்டேன். அடிக்குறிப்பில் 'பொருநாடல்' என்ற பரிந்துரையையும் சேர்த்திருக்கிறேன், மு. ஐயா.
– ம.

---

அடிக்குறிப்புக்கு நன்றி. என் உடன்பாடின்மை அப்படியே நிற்கிறது. இன்னொன்று: 'சேமித்தல்' என்று எழுதியிருக்கிறீர்கள். ஆட்டத்தில் நின்ற இடத்தைக் குறித்துவைப்பது சேமிப்பா? 'நிலைபதிவு' என்று ஏன் சொல்லக்கூடாது?
– மு.