சின்ன கோர்ட் தீர்ப்பையும் வீட்டு மேல வில்லங்கமா பதிய விடணுமா?

ஈசூன்குமரன்:
ரெனோவேஷன் கான்ட்ராக்டர் ஒருத்தர் 11,000 வெள்ளி முன்பணம் வாங்கிட்டு கிச்சன்ல பாதி டைல்ஸ ஒடச்சுப் போட்டதோட சரி, அதுக்கப்புறம் ஆளையே காணோம். இங்க சிங்கப்பூர்ல ஸ்மால் கிளெய்ம்ஸ்ல, அதான் சின்னத் தொகை வழக்குக்கான தீர்ப்பாயத்துல, போட்டேன், அங்க வக்கீல் கிடையாது, நாமளே பேசணும், 20,000 வெள்ளி வரைக்கும் கேக்கலாம், ரெண்டு பக்கமும் ஒத்துக்கிட்டா 30,000. தீர்ப்பு என் பக்கம் வந்துச்சு, காசு மட்டும் இன்னும் வரல. அவரு கம்பெனி வச்சு நடத்தல, சொந்தப் பேர்லதான் தொழில், குடியிருக்கறது கொண்டோவுல, தனியார் அடுக்குமாடி வீடு.

என் அண்ணன் அமெரிக்காவுல நியூ ஜெர்சி மாநிலத்துல எடிசன்ல இருக்காரு. அங்க சின்ன கோர்ட் தீர்ப்பு தானா வீட்டு மேல ஏறாதாம், ஆனா டிரென்டன்ல சுப்பீரியர் கோர்ட் கிளார்க் கிட்ட 35 டாலர் கட்டி பதிஞ்சிட்டா, காசு தரவேண்டியவர் பேர்ல அந்த மாநிலத்துல எங்க வீடு நிலம் இருந்தாலும் அது மேல வில்லங்கம் விழுந்துடும், 20 வருஷம் நிக்கும். வீட்ட விக்கப் போனா முதல்ல இவன் கணக்க முடிங்கன்னு சொல்லிடுவாங்க. இங்க ஏன் அப்படி ஒண்ணு இல்ல?

பொங்கோல்மீனா:
இங்க வழியே இல்லன்னு சொல்லாதீங்க. அமலாக்க உத்தரவுக்கு மனு போட்டு, இன்ன சொத்துன்னு குறிப்பிட்டு வாங்கி, அத நில ஆணையத்துல பதிஞ்சா கொண்டோ மேலயும் ஏறும். வித்தியாசம் என்னன்னா ஒவ்வொரு தீர்ப்பும் 35 டாலர்ல எல்லா சொத்து மேலயும் போய் உக்காராது, கோர்ட் ஒருதரம் பாக்கும். அந்த ஒருதரம் பாக்கறது வேணும்னுதான் நான் சொல்லுவேன்.

தேக்காவாசி:
அதுக்கு எதுக்கு இவ்வளவு சுத்து, வக்கீல் வச்சு ஒரு கேவியட், அதான் நிலப் பதிவுல தடைக் குறிப்பு, போட்டு விடுங்க அண்ணே, விக்க முடியாம தானா வருவாரு.

பீஷான்ரஹ்மான்:
தேக்காவாசி தம்பி, தயவுசெஞ்சு அப்படி சொல்லிக் கொடுக்காதீங்க, நான் வக்கீல் ஆபீஸ்ல வேல பாக்கறவன். கேவியட் போட அந்த நிலத்துலயே உங்களுக்கு ஒரு உரிமை இருக்கணும், வாங்க ஒப்பந்தம் போட்டிருக்கணும், அடமானம் வாங்கியிருக்கணும், அந்த மாதிரி. காசு தரணும்னு ஒரு தீர்ப்பு கையில இருக்கறது நிலத்துல உரிமை ஆகாது. காரணம் இல்லாம போட்டா நஷ்டஈடு நீங்க கட்ட வேண்டி வரும்.

குமரன் அண்ணே கேட்டது நியாயம்தான். இங்க சின்னத் தொகைக்குத் தீர்ப்பு வாங்குனவர் நிலைம என்னன்னு பாருங்க. சம்பளத்துல கை வைக்க முடியாது, சிபிஎஃப் சேமநிதிப் பணத்தத் தொட முடியாது, அரசு கட்டின எச்டிபி வீட்ட கடன் தீர்ப்புக்காக ஜப்தி பண்ண சட்டமே விடாது, நாட்டுல முக்கால்வாசிப் பேர் குடியிருக்கறது அந்த வீட்டுலதான். திவால் மனு போட கடன் 15,000 வெள்ளியாவது இருக்கணும், குமரன் அண்ணனுக்கு வரவேண்டியது 11,000. கொண்டோ மாதிரி தனியார் வீடு இல்லாதவர்னா மிச்சம் இருக்கறது பேங்க் கணக்கும் வீட்டு சாமானும்தான்.

பொங்கோல்மீனா:
அந்த வீட்டு சாமான் பக்கத்த நான் பாத்திருக்கேன் ரஹ்மான். எங்க அப்பா நண்பருக்கு ஜாமீன் கையெழுத்து போட்டாரு, நண்பர் கட்டல, கேஸ் லெட்டர் பழைய வீட்டு விலாசத்துக்குப் போயிருக்கு, நாங்க மாறினது யாருக்கும் தெரியல, அப்பா கோர்ட்டுக்கே போகாம தீர்ப்பு வந்துடுச்சு. கோர்ட் ஆளு பெய்லிஃப் வந்து டிவி, ஃபிரிட்ஜ், நான் ஓ லெவல் படிச்சிட்டிருந்த கம்ப்யூட்டர் எல்லாத்தையும் ஜப்தின்னு குறிச்சு நோட்டீஸ் ஒட்டிட்டுப் போனாரு. உடுத்துற துணி, படுக்கை மட்டும் விட்டாங்க. அன்னிக்கு எச்டிபி வீட்டுக்குப் பாதுகாப்பு இல்லாம இருந்தா எங்க கூரை மேலயும் அந்தக் கையெழுத்து ஏறியிருக்கும். சின்ன கோர்ட்ல எதிராளி வராமலே வர்ற தீர்ப்பு நிறைய, அத 20 வருஷத்துக்கு வீட்டு மேல ஏத்தலாம்னா நான் ஒத்துக்கவே மாட்டேன்.

ஈசூன்குமரன்:
தங்கச்சி, உங்க அப்பாவுக்கு நடந்தது தப்புதான், ஆனா அது லெட்டர் சேராத கோளாறு, தீர்ப்ப ரத்து (செட் அசைட்) பண்ண மனு போடலாம். என் ஆளு கோர்ட்டுக்கு வந்து, என் எதிர்ல உக்காந்து, வாங்குன ரசீத ஒத்துக்கிட்டவரு. நான் வீட்ட ஏலம் போடச் சொல்லல, யாரையும் தெருவுல விடச் சொல்லல. தானா விக்கும்போது, பேங்க் கடனும் சிபிஎஃப்புக்குத் திருப்ப வேண்டியதும் போக கையில வர்ற ரொக்கத்துல என் பங்க எடுத்துக்கறேன்னு கேக்கறேன், அவ்வளவுதான். எச்டிபிக்கும் இத மட்டும் அனுமதிக்கலாமேன்னுதான் என் வாதம்.

பொங்கோல்மீனா:
அந்த ரொக்கம்தான் அடுத்த வீட்டுக்கு முன்பணம் அண்ணே. விவாகரத்து ஆகி சின்ன வீட்டுக்கு மாறுறவங்க, வேல போய் விக்கறவங்க, இவங்கதான் அதிகம் மாட்டுவாங்க. அதோட இப்படி ஒரு கதவு திறந்தா முதல்ல வரிசையில நிக்கப்போறது உங்கள மாதிரி ஆளுங்க இல்ல, பெரிய கடன் கம்பெனிங்க. அவங்க நூத்துக்கணக்குல தீர்ப்பு வாங்கி மொத்தமா பதிவாங்க.

செங்காங்அருள்:
நான் நியூ ஜெர்சில ஏழெட்டு வருஷம் இருந்துட்டு வந்தவன், அதோட இன்னொரு பக்கத்தையும் சொல்லிடறேன். அங்க வில்லங்கம் பேர வச்சு ஏறுது. வீட்டுப் பத்திரத்த சரிபாக்கற டைட்டில் கம்பெனி தேடும்போது குமார்னு பேர் இருந்தா ஊர்ல இருக்கற எல்லா குமார் மேல இருக்கற தீர்ப்பும் வந்து விழும், அந்த ஆளு நான் இல்லன்னு வீட்ட விக்கறவர் சத்தியம் பண்ணி எழுதிக் கொடுக்கணும். நம்மாளுங்களுக்கு அப்பா பேரும் சொந்தப் பேரும் மாறி மாறி பதிவாகியிருக்கும், அதுல படற பாடு பெரும்பாடு. கடன கட்டி முடிச்சாலும் கட்டியாச்சுன்னு தனியா ஒரு பத்திரம் பதியணும், அத வாங்க மறந்துட்டு பல வருஷம் கழிச்சு விக்கப் போய் நின்னவங்கள எனக்குத் தெரியும். இன்னொண்ணு, டிரென்டன்ல பதிஞ்சதும் சின்ன கோர்ட் ஆபீசர வச்சு பேங்க் கணக்க முடக்கற வழி போயிடும், அதுக்கப்புறம் எல்லாம் மேல் கோர்ட் வழிதான். இதெல்லாம் சொன்னாலும் நான் குமரன் அண்ணன் பக்கம்தான், இங்க ஐசி (அடையாள அட்டை) நம்பர் இருக்கு, பேர்க் குழப்பம் வராது. தீர்ப்புக்கு மதிப்பே இல்லன்னா எதுக்கு கோர்ட்டுக்குப் போகணும்?

பீஷான்ரஹ்மான்:
அருள் சொன்ன ஐசி விஷயம் நல்ல பாயிண்ட். என் அபிப்பிராயம்: எச்டிபிய தொடக்கூடாது, அதுல மீனாக்கா சொல்றதுதான் சரி. ஆனா தனியார் வீடு வச்சிருக்கறவர் மேல சின்னத் தீர்ப்ப பதியறத இன்னும் சுலபமா ஆக்கணும், எதிராளி நேர்ல வந்து தோத்த கேஸுக்கு மட்டும். இப்ப 11,000 வெள்ளிக்கு ஒரு கொண்டோவ பிடிக்கப் போனா வக்கீல் செலவும் ஷெரிஃப் (தீர்ப்ப அமலாக்கற கோர்ட் அதிகாரி) செலவும் பாதியத் தின்னுடும், அது தெரிஞ்சுதான் அந்த மாதிரி ஆளுங்க அசையாம இருக்காங்க.

பொங்கோல்மீனா:
நேர்ல வந்து தோத்த கேஸுக்கு மட்டும்னா நான் யோசிக்கறேன். எச்டிபி மேல என் பேச்சு மாறாது.

ஈசூன்குமரன்:
ரஹ்மான் தம்பி, அந்த கொண்டோ புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேர் பேர்லயும் சேந்து இருக்குன்னு கேள்விப்பட்டேன், அப்ப ஒண்ணும் பண்ண முடியாதா?

பீஷான்ரஹ்மான்:
முடியும். கூட்டுச் சொத்துல ஒருத்தரோட பங்க பிடிக்கலாமான்னு ஹை கோர்ட்லயே ரெண்டு விதமா தீர்ப்பு வந்துட்டிருந்துச்சு, 2020ல அப்பீல் கோர்ட் பிடிக்கலாம்னு சொல்லிடுச்சு. ஆனா வீட்டுக்கு அவசரப்படாதீங்க. முதல்ல அவர கோர்ட்டுக்குக் கூப்பிட்டு என்ன சொத்து, எந்த பேங்க், யார் கிட்டருந்து காசு வரணும்னு சத்தியத்துல விசாரிக்க மனு போடுங்க, உத்தரவு வந்தும் வரலன்னா கோர்ட் அவமதிப்பாயிடும். தனி கணக்கு இருந்தா அதப் பிடிக்கறது வீட்ட விட சுலபம், கூட்டுக் கணக்குன்னா கஷ்டம். நில ஆணையம் வெப்சைட்ல விலாசத்த வச்சு தேடி அந்த வீடு யார் பேர்ல இருக்கு, அடமானம் எந்த பேங்க்லன்னு எடுத்துட்டுப் போங்க, கேள்வி கேக்க அது உதவும்.