பழைய கார் சீட், கட்டில், வாக்கர்: எதை வாங்கலாம், எதை விடலாம்?

கேட்பவர்: மருதம், குரோம்பேட்டை

வணக்கம். எனக்கு இது ஏழாம் மாதம்; மூத்தவளுக்கு நான்கு வயதாகிறது. எங்கள் அடுக்ககத்தின் மூன்றாம் தளத்தில் இருக்கும் குடும்பம் புனேவுக்குக் குடிபெயர்கிறது. தங்கள் மகன் பயன்படுத்திய மரக்கட்டில், கார் சீட், சக்கரம் வைத்த வாக்கர், மின்சாரத்தில் இயங்கும் தாய்ப்பால் பம்ப் ஆகிய நான்கையும் சேர்த்து ஒன்பதாயிரம் ரூபாய்க்குத் தருவதாகச் சொல்கிறார்கள். பிறந்த குழந்தைக்குப் பழந்துணி போடுவதுதானே வழக்கம், பழைய கட்டிலில் என்ன குறை வந்துவிடும் என்கிறார் என் மாமியார். என் கணவருக்கோ கார் சீட்டை மட்டுமாவது புதிதாக வாங்க வேண்டும் என்ற எண்ணம். எதை வாங்கலாம், வாங்கும் முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

இன்னொன்றும் உண்டு. மூத்தவளின் தள்ளுவண்டியை விற்பதற்காக இணையத்தில் படம் போட்டிருந்தேன். தாம் ராணுவத்தில் இருப்பதாகச் சொன்ன ஒருவர், பேரம் பேசாமல் சம்மதித்து, முன்பணம் வருவதற்காக ஒரு க்யூஆர் குறியீட்டை அனுப்பி ஸ்கேன் செய்யச் சொல்கிறார். நான் இன்னும் செய்யவில்லை.

பதில் 1: ஈரோடு வாசகி

உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதுதான் அவசரம். அதை ஸ்கேன் செய்யாதீர்கள். யுபிஐ வழியே நமக்குப் பணம் வருவதற்கு நாம் எந்தக் குறியீட்டையும் ஸ்கேன் செய்யவோ பின் எண்ணை இடவோ தேவையே இல்லை. ஸ்கேன் செய்து பின் எண்ணை இட்டால் பணம் உங்கள் கணக்கிலிருந்துதான் போகும். சென்ற ஆண்டு ஒரு தொட்டிலை விற்கப் போய் நான் நான்காயிரம் ரூபாயை இப்படித்தான் இழந்தேன். என்னிடம் பேசியவரும் ராணுவத்தில் இருப்பதாகத்தான் சொன்னார். ஒருவேளை பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழைத்துப் புகார் செய்ய வேண்டும்.

விற்பனைக்குப் போடும் படத்தில் குழந்தையின் முகமோ, பள்ளிச் சீருடையோ, வீட்டு எண்ணோ தெரியாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். வண்டியின் பிரேக் சரியாகப் பிடிக்கவில்லை என்றால் அதையும் விளம்பரத்திலேயே எழுதிவிடுங்கள்.

பதில் 2: ஓய்வுபெற்ற பொறியாளர், ஒரகடம்

வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் இருபது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்தவன் என்பதால், இந்த நான்கில் கார் சீட்டைப் பற்றி மட்டும் பேசுகிறேன். அது பொருத்தப்பட்டிருந்த வண்டி எப்போதாவது மோதியிருக்கிறதா என்பதை முதலில் கேளுங்கள். மோதலின் விசையைத் தாங்கிய இருக்கையின் உள்ளே, துணி உறைக்கு அடியில் உள்ள தெர்மாகோல் போன்ற பகுதியிலும் பிளாஸ்டிக் உடலிலும் நுண்ணிய விரிசல்கள் இருக்கக்கூடும். அவற்றை வெளியிலிருந்து எவராலும் கண்டுபிடிக்க முடியாது. ஆகவே முன்பின் தெரியாதவரிடம் கார் சீட் வாங்கக் கூடாது என்பது என் கருத்து. உங்கள் விஷயத்தில் விற்பவர் பக்கத்து வீட்டுக்காரர் என்பதால் அவருடைய சொல்லை ஓரளவு நம்பலாம்.

அடுத்தது வயது. இருக்கையின் அடியிலோ முதுகுப்புறத்திலோ தயாரித்த தேதி அச்சிடப்பட்டோ பிளாஸ்டிக்கிலேயே வார்க்கப்பட்டோ இருக்கும். பெரும்பாலான நிறுவனங்கள் ஆறிலிருந்து பத்து ஆண்டுகள் வரைதான் பயன்படுத்தச் சொல்கின்றன. வெயிலும் வெப்பமும் பிளாஸ்டிக்கை நொய்யச் செய்கின்றன. சென்னையில் திறந்தவெளியில் நிற்கும் காருக்குள் மே மாதத்தில் கை வைத்துப் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. தேதியும் தர முத்திரையும் உள்ள லேபிள்கள் கிழிந்து போயிருந்தால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வாங்காதீர்கள். ஐரோப்பியத் தரத்தில் வந்தது என்றால் ஆர்44 அல்லது ஆர்129 என்ற குறிப்பும், வட்டத்துக்குள் ஈ என்ற ஆங்கில எழுத்தும் ஓர் எண்ணும் இருக்கும். இந்தியத் தரத்தின் பெயர் ஏஐஎஸ்-072.

பட்டைகளையும் விரித்துப் பாருங்கள். நூல் பிரிந்திருந்தாலோ, வாஷிங் மெஷினில் போட்டுத் துவைத்ததாக அவர்கள் சொன்னாலோ அந்தப் பட்டையின் வலுவை நம்ப முடியாது. கொக்கி ‘கிளிக்’ என்று பூட்டிக்கொள்கிறதா, உங்கள் காரில் அது அசையாமல் பொருந்துகிறதா என்பதை விலை பேசும் முன்பே பொருத்திப் பார்த்துவிடுங்கள். 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி, பதினான்கு வயதுக்குட்பட்ட குழந்தையைப் பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் காரில் அழைத்துச் சென்றால் ஆயிரம் ரூபாய் அபராதம் உண்டு என்பதால், பழையது சரியில்லை என்று தெரிந்தால் அது இல்லாமலே ஓட்டிவிடலாம் என்று நினைக்காமல் புதிதாக வாங்கிவிடுங்கள்.

பதில் 3: கும்பகோணம் தாத்தா

எல்லோரும் சேர்ந்து அந்தப் பெண்ணைப் பயமுறுத்துகிறீர்கள் என்று தோன்றுகிறது. எங்கள் வீட்டில் ஒரே தேக்குத் தொட்டிலில் மூன்று தலைமுறை வளர்ந்திருக்கிறது. நடைவண்டி பிடித்துத்தான் நாங்கள் எல்லோரும் நடந்தோம். ஒன்பதாயிரத்துக்கு நான்கு பொருள் கிடைக்கிறதென்றால் மகிழ்ச்சியாக வாங்கிக்கொள்ளலாமே.

பதில் 4: குழந்தைகள் வார்டுச் செவிலி, மதுரை

தாத்தா சொன்ன நடைவண்டியும் இன்றைய வாக்கரும் ஒன்றல்ல. நடைவண்டியில் குழந்தை தன் காலில் நின்று, பிடித்துக்கொண்டு தள்ளுகிறது; வாக்கரில் நடுவே உட்கார்ந்து, கால் நுனியால் உந்தினாலே ஒரு நொடியில் மூன்றடிக்கு மேல் போய்விடுகிறது. அடுப்படியில் இறக்கி வைத்த குழம்புப் பாத்திரத்தையோ, மாடிப்படியின் விளிம்பையோ நாம் எழுந்து ஓடுவதற்குள் அது எட்டிவிடும். கனடாவில் 2004-ஆம் ஆண்டிலிருந்து இந்த வாக்கரை விற்கவே தடை இருக்கிறது. வீட்டு வாசலில் வைத்துப் பழையதாக விற்பதும் அந்தத் தடைக்குள் அடங்கும். அது குழந்தையைச் சீக்கிரம் நடக்க வைப்பதும் இல்லை. இலவசமாகக் கொடுத்தாலும் அதை வாங்காதீர்கள்.

கட்டிலை வாங்கலாம், ஆனால் அளந்து பார்த்து. கம்பிகளுக்கு இடையே ஆறு சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி இருந்தால் குழந்தையின் உடல் அதில் நுழைந்து தலை மாட்டிக்கொள்ளும். ஒரு குளிர்பான டின் இடையில் நுழைந்தால் அந்தக் கட்டில் வேண்டாம். பக்கச் சட்டம் மேலும் கீழும் நகரும் வகையா என்று கேளுங்கள். அந்தச் சட்டம் கழன்று, இடுக்கில் குழந்தைகள் சிக்கி இறந்ததால் அமெரிக்காவில் 2011-இல் அவ்வகைக் கட்டில்களைத் தடை செய்துவிட்டார்கள். மெத்தைக்கும் சட்டத்துக்கும் இடையே இரண்டு விரலுக்கு மேல் நுழையக் கூடாது; மெத்தையை மட்டும் புதிதாக, கெட்டியானதாக வாங்கிவிடுங்கள்.

தாத்தாவின் தேக்குத் தொட்டிலைப் பற்றியும் ஒரு வார்த்தை. மரம் எவ்வளவு உறுதியாக இருந்தாலும் மேலே பூசிய பழைய பெயின்டில் ஈயம் இருக்கக்கூடும். வீட்டுப் பெயின்டில் ஈயம் 90 பிபிஎம் (பத்து லட்சம் பங்கில் 90 பங்கு) அளவைத் தாண்டக் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. பல் முளைக்கும் குழந்தை கட்டில் விளிம்பைத்தான் கடிக்கும். உரியும் பெயின்டை வீட்டுக்குள் உப்புத்தாளால் தேய்த்தால் ஈயத்தூள் எங்கும் பறக்கும் என்பதால் அதையும் செய்யாதீர்கள்.

பம்பை விட்டுவிடுங்கள். பல வகைகளில் பால் குழாய் வழியே மோட்டார் வரைக்கும் போய்ப் பூஞ்சை பிடித்துவிடும். குப்பியைக் கொதிக்க வைக்கலாம், மோட்டாரைக் கொதிக்க வைக்க முடியாது. இவற்றோடு பொம்மைகளும் தந்தால் பேட்டரி மூடி திருகாணியால் இறுக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். நாணய வடிவ பேட்டரியை விழுங்கிய குழந்தைக்கு இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாய் வெந்துவிடுகிறது.

கேட்பவர்: மருதம்

அனைவருக்கும் நன்றி. அந்த ‘ராணுவத்தினரின்’ எண்ணைத் தடுத்துவிட்டேன். நேற்று மாலை டின்னும் அளவுநாடாவும் எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனோம். என் மாமியார்தான் டின்னைப் பிடித்துப் பார்த்தார், அது எந்த இடைவெளியிலும் நுழையவில்லை. பக்கச் சட்டமும் அசையாத வகைதான். கார் சீட்டின் அடியில் 2013 என்று வார்க்கப்பட்டிருந்தது. விற்பவருக்கும் அது அவருடைய உறவினர் ஒருவரிடமிருந்து வந்ததாம். எனவே கட்டிலை மட்டும் மூவாயிரத்து ஐந்நூறுக்குப் பேசி முடித்தோம். கார் சீட்டைக் காயலான் கடையில் போட்டுவிடுவதாக அவர் சொல்கிறார். அப்படிப் போடலாமா?

பதில் 5: ஓய்வுபெற்ற பொறியாளர், ஒரகடம்

போடலாம். போடும் முன் பட்டைகளைக் கத்தரியால் வெட்டிவிட்டு, ‘பயன்படுத்தக் கூடாது’ என்று உடலின் மேல் அழியாத மையில் எழுதச் சொல்லுங்கள். இல்லையென்றால் அடுத்த வாரமே அதைத் துடைத்து யாருக்காவது விற்றுவிடுவார்கள்.